அலையின் உயரமும் மனிதனின் அளவும்

சீற்றங்கொண்ட கடலை நிழற்படமாக்குவது நாம் நினைக்கும் அளவுக்கு எளிய கலையன்று. கப்பலின் மேல்தளத்தில் கம்பியைப் பற்றிக்கொண்டு, உயிர் கையில் இல்லை என்னும் நிலையில் ஒருவர் எடுத்த படங்களைக் கரை சேர்ந்தபின் பார்த்தால், பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். மலையென எழுந்து வந்த அலை படத்தில் சாம்பல் நிற மேடாகச் சுருங்கிக் கிடக்கும். கண்ணுக்கு முன் நின்ற பேரச்சம் காகிதத்தில் இல்லை. கருவியின் குறையன்று இது. கடலுக்கு அளவுகோல் இல்லை என்பதே காரணம். மரமோ வீடோ இல்லாத பரப்பில் ஓர் அலை மூன்று மீட்டரா, பதினைந்து மீட்டரா என்று படத்தைப் பார்ப்பவரால் சொல்ல இயலாது. ஹெலிகாப்டரிலிருந்து நேர்கீழே நோக்கி எடுத்தாலோ, எத்தகைய அலையும் தட்டையாகிவிடும்.

ஆகவே கடலைப் படம் பிடிப்போர் ஓர் அளவுகோலைத் தேடுகின்றனர். பாறை, படகு, கோபுரம் என்று தொடரும் அத்தேடல் பல வேளைகளில் மனிதனில் வந்து முடிகிறது. அலையின் உயரத்தைக் காட்ட ஒரு மனிதனைப் பயன்படுத்தும்போது, அம்மனிதனுக்கு அப்படத்தில் என்ன இடம் கிடைக்கிறது? இவ்வொரு கேள்வியை மனத்திற்கொண்டு, புகழ்பெற்ற மூன்று கடற்காட்சிகளை இங்கே நாம் ஆராய்வோம்.

இரண்டு கண்ணாடித் தகடுகள்

முதலாவது, பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1857-இல் மத்தியதரைக் கடலோரத்துச் செத் நகரில் எடுத்த 'பேரலை' என்னும் படம். அக்காலத்தில் ஈரமான இரசாயனப் பூச்சு பூசிய கண்ணாடித் தகட்டில்தான் படம் எடுத்தாக வேண்டும். பூச்சு உலருமுன் எடுத்து, உலருமுன்னே கழுவியும் முடிக்க வேண்டும். அத்தகடு நீல ஒளியை மிகுதியாக ஏற்கும் இயல்புடையது. கடலுக்குப் போதுமான ஒளியைக் கொடுத்தால், வானம் மேகமின்றி வெளுத்துப்போகும். வானத்திற்கு ஏற்ப எடுத்தால், கடல் இருண்டுவிடும்.

லெ கிரே இதற்கு ஒரு வழி கண்டார். கடலை ஒரு தகட்டிலும் வானத்தை மற்றொரு தகட்டிலும் எடுத்து, இரண்டையும் தொடுவானக் கோட்டில் இணைத்து ஒரே படமாக அச்சிட்டார். நாம் காணும் மேகங்கள் அந்த அலையின் மேல் அவ்வேளையில் நின்ற மேகங்கள் அல்ல. ஆயினும் பார்த்தவர் வியந்தனர், இன்றும் வியக்கின்றனர். 1999-இல் லண்டன் ஏலமொன்றில் இப்படத்தின் ஒரு பிரதி ஐந்து இலட்சம் பவுனுக்கும் அதிகமான விலைக்குப் போயிற்று; அதுவரை எந்த நிழற்படமும் ஏலத்தில் அவ்வளவு விலை பெற்றதில்லை.

இது பொய்ப்படமா? பொய் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. கண் ஒரே நோக்கில் கண்டதைக் கருவியால் ஒரே நோக்கில் பதிய முடியாதபோது, கலைஞர் தம் உழைப்பால் அக்குறையை நிரப்பினார். அலையும் உண்மை, மேகமும் உண்மை, இணைப்பு மட்டுமே அவருடையது. அவ்விணைப்பால் எவருக்கும் தீங்கு விளையவில்லை. இக்குறிப்பை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அடுத்த படத்திற்கு இது தேவைப்படும்.

பெண்குதிரைப் பாறை

இரண்டாவது படத்தை நம்முள் பலர் சுவரொட்டியாகவோ நாட்காட்டியிலோ கண்டிருப்போம். கடல் நடுவே தனித்து நிற்கும் கல் கோபுரம். அதன் பின்னிருந்து எழுந்த பேரலை இரு கைகளால் அணைப்பதுபோல் கோபுரத்தைச் சூழ்ந்து, பாதி உயரத்திற்கும் மேலே வெண்ணுரையாக வெடிக்கிறது. கோபுரத்தின் அடியில் திறந்த கதவு; அக்கதவருகே ஒரு சிறிய மனித உருவம், சாவகாசமாக நிற்பதுபோன்ற தோற்றத்துடன். 1989 டிசம்பர் 21 அன்று பிரெஞ்சு நிழற்படக் கலைஞர் ழான் கிஷார் எடுத்த படம் இது.

அக்கோபுரத்தின் பெயர் லா ஜுமான். 'பெண்குதிரை' என்பது அதன் பொருள். பிரான்சின் மேற்குக் கோடியான பிரிட்டானிக்கு அப்பால், உஷாந்த் தீவை அடுத்து, அட்லாண்டிக் கடலில் உள்ள பாறை அது. அந்நீர்ப்பரப்பு கப்பல்களுக்குப் புதைகுழியாக இருந்துவந்தது. 1896-இல் 'டிரமண்ட் காசில்' என்னும் ஆங்கிலேயக் கப்பல் அக்கடலில் மூழ்கியபோது, அதிலிருந்த இருநூற்றுக்கும் மேற்பட்டோரில் மூவரே பிழைத்தனர். பின்னர் 1904-இல் போத்ரோன் என்னும் செல்வர், அத்தகைய அபாயமான கடலில் ஒரு கலங்கரை விளக்கம் எழுப்புவதற்காக நான்கு இலட்சம் பிராங்குகளைத் தம் உயிலில் எழுதிவைத்தார். ஏழு ஆண்டுகளுக்குள் கட்டி முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1911-இல் விளக்கு ஏற்றப்பட்டது. ஆனால் அவசரத்தின் விலையைக் காவலர் கொடுத்தனர். அவ்வாண்டுக் குளிர்காலப் புயலிலேயே கோபுரம் ஆட்டங்கண்டது. பிற்பாடு அடித்தளத்தைக் கற்காரையால் பலப்படுத்தி, உள்ளே உருக்கு வடங்களை இறக்கிப் பாறையோடு பிணைக்க வேண்டியதாயிற்று.

பிரெஞ்சுக் கலங்கரைக் காவலரிடையே பழமையான வழக்கு ஒன்று உண்டு. நிலப்பகுதியில் உள்ள விளக்கங்களை அவர்கள் 'மோட்சம்' என்பர். தீவுகளில் உள்ளவற்றை 'உத்தரிக்கும் தலம்' என்பர். நடுக்கடலில் தனித்து நிற்பவற்றை 'நரகம்' என்பர். ஞானோபதேசம் கற்றுத் தேர்ந்த மக்களின் நகைச்சுவை இது என்பது நம் வாசகர்க்குச் சொல்லாமலே விளங்கும். லா ஜுமான் மூன்றாம் வகையைச் சார்ந்தது. அங்கே நின்றவர் வீரம் காட்ட வந்தவர் அல்லர். பிறர் கப்பல் கரைசேர வேண்டும் என்பதற்காகச் சம்பளத்திற்குப் பணிசெய்து, முறை முடிந்து மாற்றாள் வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்.

கதவு திறந்த காரணம்

அன்று நடந்தது யாது? முந்திய இரவிலேயே கடும்புயல் கோபுரத்தைத் தாக்கியிருந்தது. காலையில் கிஷார் ஒரு ஹெலிகாப்டரை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, புயலையும் விளக்கத்தையும் சேர்த்துப் படம் பிடிக்க வந்தார். ஹெலிகாப்டர் கோபுரத்தை வட்டமிட்டது. அதன் ஓசையைக் கேட்ட காவலர் கீழே இறங்கிக் கதவைத் திறந்தார். தம்மை மீட்க வந்த ஊர்தி என்று அவர் எண்ணினார் என்பதே பரவலாகச் சொல்லப்படும் செய்தி. கதவு அலைக்கு மறைவான பக்கம் இருந்ததால், கோபுரத்தின் பின்னே எழுந்ததை அவர் காணவில்லை. கிஷார் அவ்வேளையில் படங்களை அடுத்தடுத்து எடுத்தார். நீர் இருபுறமும் சூழ்ந்து கதவை அடையுமுன், காவலர் உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். உயிர் பிழைத்தார். படமும் உலகப்புகழ் பெற்றது.

இப்போது லெ கிரேயின் படத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்போம். லெ கிரே இரு வேறு வேளைகளை ஒட்டினார். கிஷார் எதையும் ஒட்டவில்லை. அலை, கோபுரம், கதவு, மனிதன் ஆகிய அனைத்தும் ஒரே நொடியில், ஒரே சட்டத்தில் உள்ளன. ஒட்டுவேலை இல்லாத படமே உண்மையான படம் என்று கொண்டால், இதைவிட உண்மையானது வேறில்லை. ஆயினும் ஒன்று இதில் விடுபட்டுள்ளது. அம்மனிதன் ஏன் கதவருகே நிற்கிறான் என்பதற்கான காரணம் சட்டத்திற்கு வெளியே, படம் எடுப்பவரின் தலைக்கு மேலே சுழன்றுகொண்டிருக்கிறது. படம் எடுக்க வந்தவரின் வருகையே, படத்தில் உள்ள ஆபத்தில் பாதியை உண்டாக்கியது. இதை அறியாத கண்ணுக்கு, அம்மனிதன் கடலைத் துச்சமாக எண்ணி நிற்கும் வீரனாகத் தோன்றுகிறான். அறிந்த கண்ணுக்கோ, உதவி வந்ததோ என்று வெளியே எட்டிப்பார்த்த ஒருவனாகத் தோன்றுகிறான்.

இதைச் சொல்வதால் கிஷார்மீது குற்றம் சுமத்துகிறோம் என்று எவரும் கருத வேண்டியதில்லை. அவர் தீய நோக்குடன் வரவில்லை. கதவு திறக்கும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. அத்தகைய காற்றில் ஹெலிகாப்டரில் பறந்தவர் தம் உயிரையும் பணயம் வைத்தார். அலை வெடிக்கும் தறுவாயில் கருவியை உயர்த்திக் குறி தவறாமல் எடுத்த கைத்திறனை எத்துணைப் போற்றினாலும் தகும். நம் மனத்தாங்கல் படத்தோடு அன்று. அதனைப் பயன்படுத்திய விதத்தோடுதான். அச்சிட்டு விற்கப்பட்ட இப்படம் 'துணிவு', 'உறுதி' போன்ற சொற்களுக்கு விளக்கமாகிவிட்டது. ஒருவர் உதவியை எதிர்பார்த்திருக்கக்கூடிய ஒரு கணம், உதவியே தேவைப்படாத வலிமைக்கு அடையாளமாக மாற்றப்பட்டுள்ளது. சுவரை அலங்கரிக்கும் ஆசையில், அம்மனிதனுக்கு நேர்ந்ததைக் கேட்க மறந்துவிட்டோம்.

விளையாட்டுக்கு வந்தவர்

மூன்றாவது காட்சி நம் காலத்தது. போர்த்துக்கல் நாட்டின் நசாரே என்னும் ஊரை ஒட்டிய கடலடியில், இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஆழப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகில்வரை ஓடி வருகிறது. ஆழமான நீரில் அலை விரைந்து வரும். ஆழம் குறைந்த இடத்தில் வேகம் தளரும். இவ்விரு வகை அலைகளும் நசாரேயின் கரையருகே ஒன்றுசேர்ந்து மேலெழுவதால், குளிர்காலத்தில் அங்கே மலை போன்ற அலைகள் உண்டாகின்றன. சறுக்குப் பலகையில் அவற்றின்மேல் செல்வோர் உலகெங்குமிருந்து வருகின்றனர். ஜெர்மானியரான செபாஸ்டியன் ஸ்டோய்ட்னர் 2020 அக்டோபர் 29 அன்று அங்கே சறுக்கிய அலையின் உயரம் 26.21 மீட்டர் என்று 2022-இல் கின்னஸ் நூலார் ஏற்றனர்.

இங்கே வியப்பு என்னவெனில், அவ்வலையை எவரும் கோல் கொண்டு அளக்கவில்லை, அளக்கவும் இயலாது. பதிவான படங்களைக் கொண்டே கணக்கிடுகின்றனர். பலகைமேல் உள்ளவரின் உடலளவு தெரிந்தது. அதனை அலகாகக் கொண்டு அலையின் அடியையும் முடியையும் அளக்கின்றனர். நாம் தொடக்கத்தில் குறிப்பிட்டபடி, மனிதன் இங்கே சொல்லுக்குச் சொல் அளவுகோலாகவே ஆகிவிட்டான்.

நசாரேயில் எடுக்கப்படும் படங்களில் வேறொரு சூட்சுமமும் உண்டு. கரைமேட்டில் ஒரு பழைய கோட்டையும், அதன்மேல் சிவப்பு நிறக் கலங்கரை விளக்கமும் உள்ளன. வெகுதொலைவில் நின்று தொலைநோக்கு வில்லையால் எடுக்கும்போது, முன்னுள்ள கோட்டையும் பின்னுள்ள அலையும் நெருங்கிவந்து, கோட்டையின்மேல் கூடியிருப்போரை அலை விழுங்கப்போவதுபோலத் தோன்றும். உண்மையில் இரண்டிற்குமிடையே போதிய தொலைவு உண்டு. ஒட்டுவேலை ஏதுமில்லை, வில்லையின் இயல்பே அவ்வாறு காட்டுகிறது. எனினும் பார்ப்பவர் அடையும் அச்சத்தில் ஒரு பங்கு வில்லை தந்த அச்சம் என்பதை அறிந்திருப்பது நன்று.

இப்படங்களின் அழகை மறுப்பதற்கில்லை. அங்கே சறுக்குவோரின் பயிற்சியும் மனவுறுதியும் பெரியன. ஆனால் நசாரேயின் மனிதன் தானே விரும்பி அலைமேல் ஏறியவன். அவனை இழுத்துச் செல்லவும் மீட்கவும் நீரில் ஓடும் மோட்டார் வண்டிகள் காத்திருக்கின்றன. தன்னைப் படமெடுக்கிறார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். லா ஜுமானின் மனிதனுக்கு இம்மூன்றும் இல்லை. இருவரும் படத்தில் ஒரே அளவான சிறு புள்ளிகளே. ஆனால் ஒருவனை வியப்பது போதும். மற்றவனுக்காக நாம் கவலைப்படவும் வேண்டும். இவ்வேறுபாட்டைப் படம் தானாகக் கற்பிக்காது. பார்ப்பவர் கேட்டு அறிய வேண்டும்.

நம் முடிவு

கடற்படத்தின் உண்மையை ஆராய்வோர் பெரும்பாலும் 'இது ஒட்டப்பட்டதா, திருத்தப்பட்டதா?' என்று மட்டுமே வினவுகின்றனர். கணிப்பொறியால் இல்லாத அலையையும் உண்டாக்கிவிடக்கூடிய இந்நாளில் அவ்வினா தேவையானதே. ஆயினும் அது போதாது என்பது நம் கருத்து. இரண்டு தகடுகளை ஒட்டிய லெ கிரே நம்மை ஏமாற்றவில்லை. எதையும் ஒட்டாத படமோ, அதன் காரணத்தை நாம் கேளாதபோது, நம்மைத் தவறான வியப்பில் ஆழ்த்திவிடுகிறது. 'இம்மனிதன் இங்கே எவ்வாறு வந்தான்? இதற்குப்பின் அவனுக்கு என்ன ஆயிற்று?' என்னும் இரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் அப்படத்தைப் பார்த்தவர் ஆவோம்.

அவ்வாறு கேட்டபின் கிஷாரின் படம் சிறுத்துப்போகிறதா? இல்லை என்றே துணிந்து கூறுவோம். வெற்று வீரத்தின் சித்திரமாக இருந்தபோது அது கண்ணை மட்டுமே கவர்ந்தது. தன்மேல் விழப்போவதை அறியாமல், வந்த ஓசையை நோக்கித் திரும்பிய ஒரு பணியாளரின் சித்திரமாக இப்போது அது நெஞ்சைத் தொடுகிறது. மூன்று படங்களுள் இதனையே நாம் முதலிடத்தில் வைக்கிறோம்; அதன் அலைக்காக அன்று, அக்கதவுக்காக.

லா ஜுமான் 1991-இல் தானியங்கி விளக்கமாக மாற்றப்பட்டது. அன்றுமுதல் அங்கே காவலர் எவரும் தங்குவதில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் புயல் வீசுகிறது. முன்னிலும் கூர்மையான கருவிகளோடு கலைஞரும் செல்கின்றனர். முன்னிலும் தெளிவான படங்கள் வருகின்றன. அவற்றில் கோபுரமும் அலையும் இருக்கின்றன. கதவு சாத்தியே இருக்கிறது. பழைய படம் எவர் வீட்டுச் சுவரிலாவது தொங்குமானால், அதன் கீழே 'துணிவு' என்று எழுதியிருக்கும் சொல்லை மறைத்துவிட்டு, அச்சிறிய உருவத்தை மட்டும் ஒருமுறை நின்று பாருங்கள் என்பதே நம் வேண்டுகோள்.