பலகையும் பனுவலும்: கலிலியோவின் சாய்தளப் பரிசோதனை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

இலக்கியப் பனுவலுக்கு விமர்சனம் உரியது, விஞ்ஞானப் பனுவலுக்குச் சரிபார்த்தலே போதும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. இவ்வெண்ணம் எத்துணை குறையுடையது என்பதற்குக் கலிலியோ கலிலியின் ‘இரு புதிய விஞ்ஞானங்கள்’ என்னும் நூலும், அதுபற்றி இருபதாம் நூற்றாண்டில் எழுந்த விவாதமும் தக்க சான்றுகளாகும். 1638இல் லைடன் நகரில் வெளியான அந்நூலின் ஒரு பகுதியை எவ்வாறு வாசிப்பது என்ற கேள்வியிலிருந்து, நவீன விஞ்ஞானம் தூய சிந்தனையிற் பிறந்ததா, கைவினையிற் பிறந்ததா என்ற பெருவினா கிளைத்தெழுந்தது.

நூல் நான்கு நாள் உரையாடலாக அமைந்தது. சல்வியாத்தி, சக்ரேதோ, சிம்பிளிச்சியோ ஆகிய மூவரும் அதிற் பங்குபற்றுகின்றனர். மூன்றாம் நான்காம் நாட்களில் இயக்கம் பற்றிய இலத்தீன் ஆய்வுரை வாசிக்கப்பட, அதன்மீது இத்தாலிய மொழியில் உரையாடல் நிகழ்கின்றது. விழும் பொருள் கடக்கும் தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது என்பது நிறுவப்பட்டபின், இயற்கை உண்மையில் இவ்வாறுதான் நடந்துகொள்கின்றதா எனச் சிம்பிளிச்சியோ வினவுகின்றான். விடையாகச் சல்வியாத்தி ஒரு பரிசோதனையை விவரிக்கின்றான். பன்னிரண்டு முழ நீளமான மரச்சட்டத்தில் விரலளவு அகலமான தவாளிப்பு வெட்டப்பட்டு, அதன் உட்புறம் வழுவழுப்பான தோற்றாளால் மூடப்படுகின்றது. சட்டத்தின் ஒருமுனையை உயர்த்தி வெண்கலக் குண்டு உருட்டப்படுகின்றது. பாத்திரமொன்றிலிருந்து மெல்லிய குழாய்வழி ஒழுகும் நீரை நிறுத்து நேரம் அளக்கப்படுகின்றது. நூறு தடவை செய்தும் நாடித்துடிப்பின் பத்திலொரு பங்களவு வேறுபாடுகூடக் காணப்படவில்லை என்பது சல்வியாத்தியின் கூற்று.

இக்கூற்றை ஐயுற்றோருள் முதன்மையானவர் அலெக்சாந்தர் கொய்ரே. 1939இல் வெளிவந்த தமது கலிலியோ ஆய்வுகளிலும் 1953இல் எழுதிய கட்டுரையிலும், இத்தகைய கருவிகளால் இத்துணை நுட்பமான பெறுபேறு கிடைத்தல் இயலாதென அவர் வாதிட்டார். அவரது நோக்கிற் கலிலியோ பிளேட்டோவின் வழிவந்தவர். கணிதமே அவரது புதுமை. பரிசோதனை பெரும்பாலும் மனத்தளவில் நிகழ்ந்தது. கொய்ரேயின் வாதத்துக்கு வலுவளித்தது பனுவலின் தொனியே என்பதை மறுத்தல் அரிது. வழுவே இல்லாத பரிசோதனையைப் பற்றிப் பேசுவோன்மீது ஐயம் எழுதல் இயல்பு. எனினும் அவர் பலகையைச் செய்து பாராமலே பலகையைப் பற்றித் தீர்ப்பளித்தார்.

1961இல் தோமஸ் செற்றில் அப்பலகையைச் செய்து பார்த்தார். நூலின் விவரணத்தைத் தழுவிச் சாய்தளமும் நீர்க்கடிகாரமும் அமைத்து, கலிலியோ கூறிய அளவு நுட்பம் எட்டக்கூடியதே எனக் காட்டினார். ஆயினும் செய்ய இயலும் என்பது வேறு, கலிலியோ செய்தார் என்பது வேறு. பின்னதற்கான சான்று அச்சுநூலுக்கு வெளியே கிடந்தது.

புளோரன்ஸ் தேசிய நூலகத்திலுள்ள கலிலியோவின் கையெழுத்துப் படிகளுள் 116ஆம் ஏட்டின் பின்பக்கத்தை 1973இல் ஸ்ரில்மன் டிறேக் வெளியிட்டு விளக்கினார். அதன் காலம் 1608 என்பது அவரது கணிப்பு. பெரும்பாலும் வரைபடமும் எண்களுமாகிய அப்பக்கம், அந்தோனியோ ஃபவாரோவின் தேசியப் பதிப்பில் இடம்பெறவில்லை. சொற்களே பனுவல் என்ற பதிப்பாசிரிய மரபு ஒரு முதன்மைச் சான்றை நெடுங்காலம் மறைத்துவைத்தது எனலாம்.

அப்பக்கம் எறியத்தின் இயக்கத்தைப் பற்றியது. சாய்தளத்தில் உருண்டுவந்த குண்டு மேசைவிளிம்பிற் கிடையாகத் திரும்பி, 828 புந்தோ கீழேயுள்ள தரையில் வீழ்கின்றது. புந்தோ என்பது ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த அளவு. விழும் உயரம் மாறாதபடியால் விழும் நேரமும் மாறாது; ஆகவே குண்டு சென்ற கிடைத்தூரம் அதன் வேகத்தைக் காட்டும். சாய்தளத்தில் 300 உயரத்திலிருந்து விடப்பட்டபோது தூரம் 800. வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்ததாயின் 600 உயரத்துக்கு 1131 வரவேண்டும், கிடைத்தது 1172. 800 உயரத்துக்கு 1306 வரவேண்டிய இடத்தில் 1328. 1000 உயரத்துக்கு 1460 வரவேண்டிய இடத்தில் 1500. முதலளவுக்கு இணங்க இவ்வளவு இருந்திருக்கவேண்டும் என எழுதி, 41, 22, 40 என வேறுபாடுகளையும் கலிலியோ தம் கையாற் குறித்துள்ளார். இவற்றுட் பெரியதும் நூற்றுக்கு நான்குக்குக் குறைவானதே.

இருந்திருக்கவேண்டும் என்ற அச்சொல்லே இவ்விவாதத்தின் உயிர்நிலை. கணிதம் வேண்டுவதும் குண்டு தருவதும் அங்கு அருகருகே நிற்கின்றன. ஒன்றுக்காக மற்றொன்று அழிக்கப்படவில்லை. கொய்ரே காணாத கையும், வெறும் கைவினையே விஞ்ஞானத்தை ஈன்றது என்போர் காணாத சிந்தனையும் ஒரே ஏட்டில் உள்ளன.

இதனின்றும் நுணுக்கமான ஒரு செய்தியும் அவ்வேட்டிலுண்டு. உராய்வின்றி வழுக்கும் பொருளாயின் 300 உயரத்துக்கு ஏறத்தாழ 997 தூரம் கிடைக்கவேண்டும். கலிலியோவுக்குக் கிடைத்ததோ 800. உருளும் குண்டு தன் ஆற்றலின் ஒரு பகுதியைச் சுழற்சிக்குச் செலவிடுவதே இதற்கு முதன்மைக் காரணம்; சமதளத்தில் உருளும் திண்மக் கோளத்தின் ஆர்முடுகல் வழுக்கும் பொருளினதில் ஏழில் ஐந்து பங்கே. இதனை விளக்கும் சுழற்சி இயக்கவியல் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே உருவாயிற்று. கலிலியோவோ தனி அளவுகளைக் கணிக்காமல் முதலளவோடு ஏனையவற்றை விகிதத்தில் ஒப்பிட்டார். சுழற்சியின் விளைவு எல்லா உயரங்களுக்கும் ஒரே விகிதமாதலால் ஒப்பீட்டில் அது மறைந்தது. அவர் கையாண்ட கணிதமொழியே அவரைக் காத்தது. அதுவே ஒரு புதிரை அவரிடமிருந்து மறைத்திருக்கவும் கூடும்.

இனி அச்சுநூலுக்குத் திரும்பினால் அதன் குறை தெளிவாகும். எறியத்தின் பாதை பரவளைவு என்பதை நிறுவும் நான்காம் நாளில் இம்மேசைப் பரிசோதனை பற்றிய விவரணம் இல்லை. 41, 22, 40 என்ற எண்கள் நூலேறவில்லை. வேறுபாடே காணப்படவில்லை என்ற சல்வியாத்தியின் உறுதிமொழியே வாசகனை அடைந்தது. உரையாடல் வடிவம் ஐயத்துக்கு இடமளிப்பதுபோற் தோன்றினும், சிம்பிளிச்சியோவின் ஐயம் ஒரே பதிலில் அடங்கிவிடுகின்றது. அளவுகளைக் கேட்க அவனுக்கு நூல் வாய்ப்பளிக்கவில்லை. வெனிஸ் நகரக் கப்பற்றளத்துக் கைவினைஞரின் அறிவைப் போற்றித் தொடங்கும் நூல், தன் ஆசிரியரின் கைவினையை மறைத்தமை முரணன்றோ?

டிறேக்கின் விளக்கத்தையும் முடிந்த முடிபாகக் கொள்ளல் தகாது. அவ்வேடு எதனைச் சோதிக்க எழுந்தது என்பதில் பின்வந்த ஆய்வாளர் வேறுபடுகின்றனர். ஆயினும் அளத்தல் நிகழ்ந்தது என்பதை அவ்வெண்கள் ஐயத்துக்கு இடமின்றி உணர்த்துகின்றன. தன் வழுவை மறைத்த பனுவல் மூன்று நூற்றாண்டுகளின் பின் பொய்யென ஐயுறப்பட்டது; வழுவைக் குறித்துவைத்த ஏடே அதனை மெய்யென மீட்டது. பரிசோதனைக் குறிப்பேட்டில் விடையை முன்வைத்து அளவீடுகளைத் திருத்தும் பழக்கம் எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் இவ்வுண்மை வலியுறுத்தப்படவேண்டியதாகும்.