யானை, பிஷப், சிப்பாய்: முடிவாட்டப் புதிர்களின் மரபு

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரின் செந்தோசாவில் உலகச் செஸ் சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டம். இரு பக்கமும் ஒரு யானை, ஒரு பிஷப்; கறுப்புக் காய்களுடன் ஆடிய குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். டிராவாகியிருக்க வேண்டிய நிலை. 55ஆவது நகர்த்தலில் எதிராளி டிங் லிரென் யானைகளை வெட்டிக்கொள்ள வழிவிட்டார். அவருடைய பிஷப் ஏ8 மூலையில் நின்றது. யானைகள் போனதும் குகேஷ் தன் பிஷப்பை டி5இல் வைத்தார். மூலையிலிருந்த பிஷப்புக்குத் தப்ப இடமில்லை, பிஷப்புகளும் போயின. மிஞ்சிய சிப்பாய் ஆட்டம் கறுப்புக்கு வெற்றி. லிட்டில் இந்தியாவிலிருந்து ஹார்பர்ஃபிரண்ட்வரை ஒரே ரயிலில் போய்விடும் தூரத்தில், 18 வயதுச் சென்னைப் பிள்ளை உலகச் சாம்பியன் ஆனார்.

இப்படியொரு வாய்ப்பை உடனே காணும் கண் புதிர்களால் பழகுவது. புதிர் மரபில் இரண்டு பள்ளிகள் உண்டு. ஒன்று, ஆட்டத்தில் அப்படியே வரும் நிலைகளை ஆராய்வது. ஒரு யானையும் சிப்பாயும் கொண்டவரை ஒற்றை யானையால் எப்படித் தடுப்பது என்று பிலிடோர் 1777இல் காட்டிய முறையை இன்றும் முதல் பாடமாக வைக்கிறார்கள். மற்றது, அழகுக்காகவே நிலைகளை இயற்றும் கலைப் பள்ளி. ரஷ்யாவின் டிராய்ட்ஸ்கியும் ஆர்மீனியாவின் கஸ்பாரியனும் அதன் ஆசான்கள்.

இரண்டும் சந்திக்கும் இடம் 1895இல் கிளாஸ்கோ பத்திரிகையில் வந்த ஒரு நிலை. வெள்ளைக்கு ராஜா பி6, சிப்பாய் சி7; கறுப்புக்கு ராஜா ஏ1, யானை டி5. நகர்த்த வேண்டியது கறுப்பு. டிரா என்றே அச்சிட்டார்கள். சாவேத்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார் வெற்றியைக் கண்டார்: கடைசிக் கட்டத்தை அடையும் சிப்பாயை ராணியாக்கினால் கறுப்பு தன் யானையைப் பலிகொடுத்து, ராஜாவுக்கு நகர இடமில்லாமல் செய்து டிரா வாங்கிவிடும், யானையாக்கினால் வெள்ளைக்கே வெற்றி. பலகையில் நான்கே காய்கள்! இதைவிட அழகான புதிரை நான் கண்டதில்லை.

தரம் பார்க்க முதல் கேள்வி ஒன்றே: வழி ஒன்றுதானா? இரண்டாவது வழி இருந்தால் புதிர் செத்தது. அடுத்து, வேலையற்ற காய் எதுவும் நிற்கக்கூடாது. ஏழு காய்வரையிலான நிலைகளின் முடிவைக் கணினி இன்று பிழையின்றிச் சொல்லிவிடும். பழைய புதிர்கள் பல அந்தச் சோதனையில் விழுந்துவிட்டன. அது நல்லதே. ஆனால் விடை சொல்வதும் கற்பிப்பதும் வேறு.

சென்னைக்கு இது தெரியும். மானுவல் ஆரோன் 1972இல் தொடங்கிய டால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் ஆனந்த் பழகினார். குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா தொடக்க ஆண்டுகளில் அவரைக் கணினி நிரலிடமிருந்து தள்ளியே வைத்திருந்தார்.

சிங்கப்பூரில் பிள்ளைகளை வார இறுதிச் செஸ் வகுப்புக்கு அனுப்பும் பெற்றோரும் ஆசிரியர்களும் திறப்பு நகர்த்தல்களை மனப்பாடம் செய்யவைப்பதைக் கொஞ்சம் குறையுங்கள். வாரம் ஒரு முடிவாட்டப் புதிரைப் பலகையில் அடுக்கி, கணினியை மூடிவைத்து, பிள்ளை விடை காணும்வரை காத்திருங்கள்.