அசல் மாதிரியே ஒரு பொம்மை

தீபாவளி நெருங்கினால் வீடுகளில் ஒரு கேள்வி எழும். பையனுக்குத் துப்பாக்கி வாங்கித் தரலாமா என்று அம்மா தயங்குவார். “நாங்களும் கேப் துப்பாக்கி வைத்து விளையாடியவர்கள்தான், யாரைச் சுட்டுவிட்டோம்?” என்று அப்பாவோ மாமாவோ கேட்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும். இப்போது இந்தப் பதிலுக்குக் கொஞ்சம் படிப்பறிவும் சேர்ந்திருக்கிறது. லண்டன் மழலையர் பள்ளிகளில் துப்பாக்கி விளையாட்டுக்கு இருந்த முழுத் தடையைக் கேள்வி கேட்டு பென்னி ஹாலண்ட் 2003-இல் எழுதிய நூலைச் சிலர் துணைக்கு அழைக்கிறார்கள். தடுத்தால் பிள்ளை பிஸ்கட்டைக் கடித்தாவது துப்பாக்கி செய்துகொள்ளும், ஆகவே வாங்கியே கொடுத்துவிடலாம் என்கிறார்கள்.

முதல் பாதி சரிதான். துப்பாக்கி விளையாட்டு கொலைகாரர்களை உருவாக்குகிறது என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. வாட்சன், பெங் என்ற இரு ஆய்வாளர்கள் 1992-இல் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைக் கவனித்து எழுதியது அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடுவதற்கும் நிஜமான முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தெரிந்தது. பெற்றோரிடம் அடி வாங்குவதற்கும் முரட்டுத்தனத்துக்கும்கூடத் தொடர்பு தெரிந்தது. துப்பாக்கி பிள்ளையை முரடாக்கியதா, முரட்டுப் பிள்ளை துப்பாக்கியைத் தேடிப் போனதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மேலும், கள்ளன் போலீஸ் நல்ல விளையாட்டு. ஓட வேண்டும், ஒளிய வேண்டும், செத்து விழ வேண்டும், “நீ செத்துட்டே”, “இல்ல, படல” என்று வழக்காட வேண்டும். இதையெல்லாம் தடுக்கிறவர்கள் பிள்ளைகளைப் பார்த்தே இராதவர்கள்.

“ஆகவே வாங்கியே கொடுத்துவிடலாம்” என்ற இடத்தில்தான் வாதம் தடுக்கி விழுகிறது. ஹாலண்ட் பேசியது பிள்ளைகள் கட்டைகளை அடுக்கியும் கையில் கிடைத்ததைக் கோத்தும் தாமே செய்துகொண்ட துப்பாக்கிகளைப் பற்றி. அந்த விளையாட்டை ஆசிரியர்கள் அதட்டி அடக்கும்போது, முக்கியமாகப் பையன்கள், தாங்கள் ஏதோ தப்பான பிறவிகள் என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்பது அவருடைய கவலை. பெட்டியில் அடைத்து விற்கும் கறுப்பு எந்திரத் துப்பாக்கிக்கு அவர் நற்சான்று எழுதவில்லை. குழந்தையின் கற்பனைக்காகச் சொல்லப்பட்ட நியாயத்தைக் கடைக்காரரின் சரக்குக்கு ஒட்டவைத்துப் பேசுவதை ஆய்வு என்று சொல்ல முடியாது.

“நாங்களும் விளையாடினோம்” என்கிறவர்கள் எதை வைத்து விளையாடினார்கள்? தகரத்தை மடக்கி வெள்ளி நிறம் பூசிய கைத்துப்பாக்கி. சிவகாசியிலிருந்து வரும் சிவப்புக் காகிதச் சுருளை உள்ளே மாட்ட வேண்டும். விசையை இழுத்தால் சுத்தி எழும்பிப் பொட்டின் மேல் விழும். நாலு வெடிக்கும், ஐந்தாவது சிக்கிக்கொள்ளும். சுருளைப் பிரித்து மறுபடி கோப்பதற்குள் பொறுமை போய், துப்பாக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுருளைத் தரையில் பரப்பிக் கல்லால் தட்டத் தொடங்கிவிடுவார்கள். விரல் நுனியில் கந்தக வாசனை இரண்டு நாள் இருக்கும். பொங்கல் வரை உயிரோடு இருந்த கேப் துப்பாக்கி அபூர்வம். அதைத் தூரத்திலிருந்து பார்த்த யாரும் நிஜத் துப்பாக்கி என்று நினைத்திருக்க மாட்டார்கள். (சத்தம் மட்டும் நிஜம். குழந்தையின் காதில் 120 டெசிபலுக்கு மேல் திடீர் ஒலி விழக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காதருகே வெடித்து விளையாடியவர்கள் இதை யோசித்ததில்லை.)

இன்று திருவிழாக் கடையிலும் இணையக் கடையிலும் கிடைப்பது வேறு சரக்கு. பப்ஜி விளையாட்டில் வருகிற எம்416 என்று பெயர் சொல்லியே விற்கிறார்கள். கறுப்பு உடல், தோள் கட்டை, கழற்றி மாட்டும் மேகசின், தொலைநோக்கி, சிவப்புப் புள்ளி விளக்கு, மின்கலத்தில் ஓடும் மோட்டார். தண்ணீரில் ஊறிப் பருக்கும் ஜெல் உருண்டைகளை அது வரிசையாகத் துப்பும். கடைக்காரர் சொல்லும் ஒரே சிறப்பு, “அப்படியே அசல் மாதிரி இருக்கும் சார்!”

குறையும் அதுவேதான். பொம்மைக்கு நிஜம் போல இருக்க வேண்டிய தேவை இல்லை. முருங்கைக் குச்சி காலையில் துப்பாக்கி, பத்து மணிக்கு வாள், மத்தியானம் பஸ் ஓட்டுகிற கியர். எம்416 காலையிலும் மாலையிலும் எம்416தான். அது செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. அதற்கும் எதிரே ஒரு ஆள் வேண்டும்.

அசல் போல இருப்பது பெரியவர்களையே ஏமாற்றும் என்பதற்கு இந்திய வரலாற்றிலேயே சான்று உண்டு. 1971 ஜனவரி 30 அன்று ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு போன ‘கங்கா’ விமானத்தை இரண்டு இளைஞர்கள் லாகூருக்குக் கடத்தினார்கள். கையில் இருந்தது ஒரு பொம்மைத் துப்பாக்கியும் மரத்தில் செய்த கையெறி குண்டும். லாகூரில் அந்த விமானம் கொளுத்தப்பட்டது. இந்தியா தன் வான்வெளியைப் பாகிஸ்தானுக்கு மூடியது. அந்த நாட்டு விமானங்கள் டாக்கா போகக் கொழும்பு வழியாகச் சுற்ற வேண்டியதாயிற்று. 1978 டிசம்பரில், கைதான இந்திரா காந்தியை விடுவிக்கச் சொல்லி இருவர் டெல்லி போய்க்கொண்டிருந்த விமானத்தை வாரணாசிக்குத் திருப்பினார்கள். அப்போதும் பொம்மைத் துப்பாக்கி. கையெறி குண்டுக்குப் பதில் கிரிக்கெட் பந்து. இருவரும் பின்னால் சட்டமன்றத்துக்குப் போனது தனிக் கதை. விமானம் நிறைய இருந்த பெரியவர்களுக்குத் தெரியாத வித்தியாசம், இருட்டில் ரோந்து வரும் காவலருக்குத் தெரிந்துவிடுமா?

அமெரிக்காவில் தெரியவில்லை. 2014 நவம்பர் 22 அன்று கிளீவ்லாந்து நகரப் பூங்காவில் டாமிர் ரைஸ் என்ற 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் பொம்மைத் துப்பாக்கியோடு நின்றான். தொலைபேசியில் தகவல் சொன்னவர், துப்பாக்கி போலியாக இருக்கலாம், ஆள் சிறுவனாக இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். அந்த வார்த்தைகள் ரோந்துக் காரில் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கார் வந்து நின்ற இரண்டே விநாடிகளில் ஒரு காவலர் சுட்டார். மறுநாள் அவன் இறந்தான். அந்த நாட்டின் நிறவெறியை விட்டுவிட்டு இந்தச் சாவைப் பேச முடியாது என்பது உண்மை. ஆனால் பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு அடைப்பு இருக்க வேண்டும் என்று 1988-லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. அவன் வைத்திருந்ததில் அந்த அடைப்பு கழற்றப்பட்டிருந்தது. முனையைக் கழற்றினால் மீதி முழுவதும் அசலாகவே மிஞ்சும்படி ஒரு பொருளைச் செய்துவிட்டு, முனைக்கு மட்டும் சட்டம் போட்டதன் பலன் அவ்வளவுதான். பிரேசில் 2003-இல், அசலோடு குழம்பக்கூடிய பொம்மைத் துப்பாக்கிகளைச் செய்வதற்கும் விற்பதற்குமே தடை போட்டது. அதுதான் ஒழுங்கான வழி.

இந்த அசல் தோற்றம் யாருக்குத் தேவைப்படுகிறது? “பையன் கேட்டான்” என்பது பாதி உண்மை. ஐந்து வயதுப் பையனுக்கு எம்416-க்கும் குச்சிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் தெரிந்தவர் கூட நிற்கும் அப்பா. ‘கைதி’யின் முடிவில் எந்திரத் துப்பாக்கி பொழியும்போது கைதட்டியவர் அவர். ‘கோட்’ படத்தில் விஜய் சிவகார்த்திகேயனிடம் துப்பாக்கியைக் கொடுத்ததை, அடுத்த நாயகன் யார் என்பதற்கான அறிவிப்பாக மாதக்கணக்கில் அலசியவர்களும் பெரியவர்களே. அந்த ஆசையைப் பிள்ளையின் கையில் கொடுத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் வைத்துக்கொள்கிறார்கள். இதற்கு வைக்கிற பெயர் குழந்தையின் விளையாட்டுச் சுதந்திரம்!

மிச்சமிருப்பது கண்ணுக்கு உள்ள ஆபத்து. 2015-இல் ரம்ஜான் பண்டிகை நாள்களில் ஆப்கானிஸ்தானில் பொம்மைத் துப்பாக்கி ரவைகளால் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள், பெரும்பாலும் கண்ணில். அரசு அவற்றைப் பறிமுதல் செய்ய உத்தரவிட்டது. அத்தனை போரைப் பார்த்த நாட்டுக்கே இது பொறுக்கவில்லை. ஜெல் உருண்டை ரவையை விட மென்மையானதுதான், ஆனால் பக்கத்திலிருந்து கண்ணில் பட்டால் அதுவும் காயப்படுத்தும். தவழும் தம்பியோ தங்கையோ அதை எடுத்து விழுங்கினால் வயிற்றுக்குள் பருத்துக் குடலை அடைக்கலாம்.

குச்சியைத் துப்பாக்கியாக்கி ஓடும் பிள்ளையைத் திட்ட வேண்டாம். விளையாடக் கூப்பிட்டால் நீங்களும் செத்து விழலாம். ஏற்கெனவே எம்416 வாங்கிவிட்டவர்கள் அதை வாசல் தாண்டி எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளட்டும், உருண்டைப் பொட்டலத்தைப் பரணில் ஏற்றட்டும். இந்தத் தீபாவளிக்கு வாங்கலாம் என்றிருக்கிறவர்கள் அந்தப் பணத்துக்கு வேறு ஏதாவது வாங்கிக் கொடுங்கள்.