ரதி பெற்ற வரம்: காமன் கூத்தில் மணமும் மறுமையும்

கரவனெல்ல முதலிய இறப்பர்த் தோட்டப் பகுதிகளை உள்ளடக்கிய சப்பிரகமுவவிலும் ஏனைய மலையகத்திலும் வாழும் தோட்டத் தமிழரின் மாசி மாதக் கூத்து காமன் கூத்து. இதனை வளச்சடங்கின் எச்சமாகக் கொள்வது ஆய்வாளர் வழக்கம். அது பிழையன்று. எனினும், அவ்விளக்கத்தோடு நாம் அமைந்துவிடின், கூத்தின் நடுவே நிற்கும் வினா மறைந்துவிடும். கணவன் மாண்டபின் மணவுறவு என்னாகிறது என்பதே அவ்வினா.

கந்தபுராணத்தின் விடை நாம் அறிந்ததே. சிவனின் நெற்றிக்கண்ணால் எரிந்த மன்மதன், சிவன் உமையை மணந்த வேளையில், ரதியின் வேண்டுதலால் மீள்கிறான். ஆனால் அவள் கண்ணுக்கு மட்டுமே அவன் தோன்றுவான், ஏனையோர்க்கு உருவிலி. வரம் எனப்படுவது பாதி வரமே. கணவன் உளன் என அவள் கூறினால், சாட்சி சொல்ல எவருமிலர்.

கூத்து இவ்விடத்திற் புராணத்தை மீறுகிறது. லயத்து மக்கள் சூழ்ந்து நிற்க, எரிந்தவன் எல்லோர் கண்முன்னும் எழுப்பப்படுகிறான். காணவியலாதவனை எங்ஙனம் நடிப்பது, இது அரங்கின் தேவையன்றோ என்று சிலர் கூறக்கூடும். ஆயினும் விளைவு பெரிது: ரதியின் தனிக்காட்சி ஊரறிந்த உண்மையாகிறது. அதற்குமுன் அவள் புலம்புவது ஒப்பாரியின் சாயலில். (பெண்களின் அக்கலையை இங்கு நிகழ்த்துபவர் பெண்வேடமிட்ட ஆண் என்பதும் கருதத்தக்கது.) தமிழ்நாட்டு லாவணியில் எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் வாதிடுவது மன்மதனின் உடலைப் பற்றியே, ரதியின் நிலை அங்கு வழக்காவதில்லை.

அயலவரான பௌத்தரின் அங்குத்தர நிகாயத்தில் நகுலபிதா, நகுலமாதா என்னும் முதிய தம்பதியர் மறுபிறப்பிலும் ஒருவரையொருவர் காண விழைகின்றனர். நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, அறிவு நான்கிலும் இருவரும் ஒத்திருப்பின் அது கைகூடும் என்பது புத்தரின் விடை. அங்கு கேட்போர் இருவர். நிபந்தனையும் இருவர்க்கும் ஒன்றே. மாற்கு நற்செய்தி, 12ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்தோர்க்கு மணமே இல்லை என்கிறது. கூத்திலோ இரப்பவள் மனைவி ஒருத்தியே. மனைவியை இழந்தவன் இவ்வாறு மன்றாடும் கூத்து எதனையும் நாம் கண்டதில்லை.

இதனினும் கடுமையான எல்லையொன்று உண்டு. மாண்டவன் எழுவான் என நம்பத் துணிந்த கற்பனை, எஞ்சியவள் மறுமணம் புரிவாள் என எண்ணத் துணியவில்லை. ரதிக்காக உருகும் சமூகமே மங்கல வினைகளிற் கைம்பெண்ணை ஒதுக்கி நிறுத்தியும் வந்துள்ளது. காமன் கூத்தின் பாடல்களைத் தொகுப்போர், களரியின் ஓரத்தே நிற்கும் அப்பெண்கள் அவற்றை எவ்வாறு கேட்கின்றனர் என்பதையும் அவர்கள் வாய்மொழியாகவே பதிவுசெய்தல் வேண்டும்.