குறளும் ஏழும்: எண்மறை வாதங்கள் குறித்த ஒரு மதிப்பீடு

திருக்குறளில் ஏழு என்னும் எண் மறைபொருளாகப் பொதிந்துள்ளது என்னும் கருத்து மேடைகளிலும் எளிய நூல்களிலும் தொடர்ந்து இடம்பெறுகிறது. ஒவ்வொரு குறளிலும் சொற்கள் ஏழு. அதிகாரங்கள் 133, குறள்கள் 1330 ஆகியவற்றின் இலக்கங்களைக் கூட்டினும் ஏழு என்பதே அதன் சாரம்.

முதற்கூற்று யாப்பிலக்கணத்தின்பாற்பட்டது. குறள் வெண்பாவின் முதலடி நாற்சீரும் ஈற்றடி முச்சீரும் பெறும். எனவே ஏழு என்பது சீர்க்கணக்கேயன்றிச் சொற்கணக்கன்று. ஒரு சீரில் இரு சொற்கள் அமைதலும், ஒரு சொல் இரு சீராகப் பிரிதலும் உண்டு. உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயனிலும் ஒவ்வொரு குறளும் ஏழு சீரினதே; ஆயின் அந்நூலின் அதிகாரங்கள் 10, குறள்கள் 100.

இரண்டாவது கூற்று எழுத்துமுறையைப் பொறுத்தது. இலக்கங்களைக் கூட்டுதல் இடமதிப்பு முறைக்கே பொருந்தும். பழந்தமிழ் எண்முறையில் நூறுக்கும் பத்துக்கும் தனிக்குறிகள் உண்டு. அம்முறையில் 133 என்பது ௱௩௰௩ என எழுதப்பெறும். ஒன்று என்னும் இலக்கமே அதில் இல்லை. 1330 என்பதும் தனிச்சான்றன்று. 133இன் பத்து மடங்கே அது. பால்வாரியாக நோக்கின், பொருட்பாலின் 70, காமத்துப்பாலின் 25 ஆகிய அதிகாரத்தொகைகள் ஏழு தரும். அறத்துப்பாலின் 38 பதினொன்று தரும். பொருந்துவன கொண்டு பொருந்தாதன விடுதல் சான்றாகாது.

எபிரேய மறைநூல் பற்றிய விவாதமும் இதனையே உணர்த்துகிறது. ஆதியாகமத்தின் எழுத்துகளைச் சம இடைவெளியில் தொடுத்தால் யூத அறிஞர் பெயர்களும் அவர்தம் பிறப்பு, இறப்பு நாள்களும் அருகருகே அமைவதாக விட்ஸ்டம், ரிப்ஸ், ரோசன்பர்க் ஆகியோர் 1994இல் 'ஸ்டாட்டிஸ்டிகல் சயன்ஸ்' இதழில் எழுதினர். பெயர்களையும் அவற்றின் எழுத்துக்கூட்டலையும் தேர்ந்துகொள்ளும் நெகிழ்ச்சி இருப்பின், டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலின் எபிரேய மொழிபெயர்ப்பிலும் அத்தகைய முடிவு கிட்டும் என பிரெண்டன் மெக்கே முதலியோர் 1999இல் அவ்விதழிலேயே காட்டினர். எபிரேயத்தில் உயிரொலி குறிக்கும் எழுத்துகள் ஓரிடத்து எழுதப்பட்டும் ஓரிடத்து விடப்பட்டும் வரும். ஓரெழுத்து கூடினும் குறையினும் அதனைக் கடந்து செல்லும் தொடர் குலையும்.

'வேத கணிதம்' எனப் பரவிய சூத்திரங்கள் வேதங்களில் காணப்பெறாமையை மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனக் கணித அறிஞர் எஸ்.ஜி. தானி 1993இல் சுட்டியதும் இங்குக் கருதத்தக்கது. மூலபாடத்தை முதலில் நோக்குக என்பதே அத்திறனாய்வின் பயன்.

மொழிபெயர்ப்பாளர்க்கு இச்சிக்கல் புறத்ததன்று. நூலின் பெருமை எண்ணில் உளதெனின், மொழிபெயர்ப்பு அனைத்தும் வெற்றுமுயற்சியாகும். ஏழு சீர் பிறமொழியில் நில்லாது. 1886இல் ஜி.யு. போப் வெளியிட்ட ஆங்கில ஆக்கத்தின் வழிக் குறளை அறிந்தோர் பெற்றது எண்ணையன்று, பொருளையே.