முந்நீர் கடந்தவளின் இரவு

கோலாலம்பூரில் நடந்த ஒரு தமிழ் மாநாட்டுக்குப் போய்வந்து, கல்லூரி ஆண்டு மலருக்கு நான்கு பக்கப் பயணக் கட்டுரை எழுதினேன். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்த நகரம் என்று தொடங்கி, தனிநாயகம் அடிகள், 452 மீட்டர் இரட்டைக் கோபுரம், பத்துமலை முருகன் எல்லாம் அதில் இருந்தன. இரவு மட்டும் இல்லை. மாலை அமர்வு முடிந்ததும் ‘மறுநாள் காலை’ என்று பத்தி மாறியிருந்தது.

படித்துவிட்டு மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: “ராத்திரியெல்லாம் என்னங் மேடம் பண்ணுனீங்க?”

“கட்டுரையத் திருத்திட்டுப் படுத்துட்டேன்” என்றேன். பொய்.

எங்களோடு வந்திருந்த பேராசிரியர் ஒருவரும் தம் பயணத்தை எழுதியிருந்தார். அந்த இரவுக்கு இரண்டு பக்கம். நகரத்தின் உயிர் இரவில்தான் இருக்கிறது என்றெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார். உடன் இருந்த நான்கு பெண்களும் அதில் ‘நண்பர்கள்’ ஆகியிருந்தோம். யாரென்றும் இல்லை, ஆணா பெண்ணா என்றும் இல்லை. எங்களைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் பெயரை மட்டும் மறைத்தார், நான் இரவையே மறைத்தேன்.

தொல்காப்பியம் அகத்திணையியலில் முந்நீர் வழக்கம் பெண்ணோடு இல்லை என்றொரு விதி உண்டு. கடற்பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துப் போவதில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் பொருள். நச்சினார்க்கினியர் கடலை விட்டுவிட்டு, ஓதல், தூது, பொருள் என்ற மூன்றின் பொருட்டுச் செல்லும் செலவு என்று உரை விரிக்கிறார். பதினைந்து ஆண்டுகளாக இதை வகுப்பில் நடத்துகிறேன். ஓதலுக்காகக் கடல் கடந்து போனபோதுதான், இரண்டு உரைப்படியும் விதியை மீறியவள் நான் என்று உறைத்தது. களவியல் இரவுக்குறிக்கு இடம் சொல்வதையும் பாருங்கள்: வீட்டார் பேச்சு காதில் விழுகிற தூரம். காதலுக்காக வெளியே வருகிறவளுக்கே இரவு அவ்வளவுதான். இப்போது அந்தத் தூரத்தைக் கைபேசி அளக்கிறது.

அன்று ஜாலான் அலோர் தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். சுட்ட மீன், சாத்தே, பியர். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் ஊரடங்கு நாட்களின் இரவுகளைச் சொல்லிச் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர் ‘இனிமேதான் மாமாக் கடைக்குப் போகணும்’ என்றார். இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் கடை. மணி ஒன்று. அங்கே தே தாரிக் ஆற்றுகிறவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா அழைத்தார்.

“எங்க சாமி இருக்கற? ஒரே சத்தமா இருக்குது?”

“சாப்பிட்டுட்டு இருக்கறம்மா.”

“இன்னேரத்துக்கா?”

“இங்க எட்டு மணிதாம்மா.”

ராசிபுரத்தில் அப்போது மணி பத்தரை. இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிற நகரத்தை அம்மாவுக்காக இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டேன். எனக்கு வயது நாற்பத்து நான்கு.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இரவு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளிபாளையம், குமாரபாளையத்தில் இரவு ஷிப்டு தறி ஓட்டுகிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் விழித்திருக்கிறார்கள். சிவராத்திரிக்குக் கண் விழிக்கிறார்கள். கூலிக்கும் நோய்க்கும் சாமிக்கும் என்றால் எந்நேரமும் விழித்திருக்கலாம். சும்மா பேசிச் சிரிக்க என்றால் மட்டும் மணி கேட்கிறார்கள்.

நானும் அரைக் கோப்பை பியர் குடித்தேன். இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டு மூன்றாம் முறை எழுதுகிறேன். 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்திலேயே முதலில் மதுவிலக்கு வந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். அது ஏன் தேவைப்பட்டது என்று எங்கள் வீட்டுப் பாட்டிகளிடம் கேட்டால் தழும்பைக் காட்டுவார்கள். எனவே குடியை விடுதலை என்று எழுத என் கை வராது. ஆனால் 1965 வரை இதே சேலம் மாவட்டத்தில் இருந்த தருமபுரிதான் பழைய தகடூர். அங்கே அதியமானோடு கள் அருந்திப் பாடியவர் ஔவை. அவன் இறந்தபோது பாடிய புறநானூற்றுப் பாடலில் ஔவைக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கள்தான். கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான் என்று அழுகிறார். தொண்டைமானிடம் தூது போனவரும் அவர்தான்.

விதி தலைவிக்கு, ஔவை பாடுகிறவர். 1953இல் ‘ஔவையார்’ திரைப்படத்தில் கே.பி.சுந்தராம்பாள் கோலூன்றி வந்த பிறகு, நம் மனதில் பதிந்த ஔவை பக்தியில் கனிந்த கிழவி. அவர் கையில் கோப்பை இருந்ததை யாரும் நினைப்பதில்லை. காலமும் ஆளும் வேறான பல ஔவைகளை ஒரே பாட்டியாக்கிய கதை பெரியது, இங்கே வேண்டாம். நான் சொல்ல வருவது, பட்டமும் பதவியும் வாங்கிய பிறகும் பேராசிரியைகளான நாங்கள் தலைவிக்குரிய விதியைத்தான் நமக்கானது என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். மாநாட்டு மேடையில் ஔவையைப் பற்றிப் பேசிவிட்டு, அன்றிரவைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

கிராப் வண்டியில் நாலு பேரும் திரும்பினோம். எதுவும் நடக்கவில்லை. பயணக் கட்டுரையில் எழுத ஒன்றுமில்லாத அளவுக்கு நிம்மதியான இரவு. அதையும் சேர்த்துத்தான் மறைத்தேன்.

அந்த மாணவிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இந்தப் புத்தகத்தை அவளுக்குக் கொடுப்பேன். விடுதிக் கதவை ஆறரைக்குச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் படிப்பாள்.