எழும் சீட்டும் மருட்கையும்

மருட்கை என்னும் மெய்ப்பாடு புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின் வழியாகப் பிறக்கும் என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் இலக்கணம். இதனைக் கவிதைக்கும் கூத்துக்கும் பொருத்திக் காட்டும் தமிழாசிரியர்கள் செப்பிடு வித்தையை ஏனோ கண்டுகொள்வதில்லை. செப்பு என்னும் சிறு கிண்ணத்தின்கீழ் உருண்டைகளை மறைத்தும் தோற்றுவித்தும் காட்டிய தொழிலே அப்பெயருக்கு மூலம். பார்ப்போர் சூழ்ந்து அமர்ந்திருக்க, கையெட்டும் தொலைவில் நிகழ்வது அது. அங்கே மருட்கை சிறுமையிலிருந்து பிறக்கிறது. அவ்வகை வித்தையில் சீட்டுக்கட்டு புகுந்தபின் பெயர் பெற்றதே 'எழும் சீட்டு'.

பார்வையாளர் ஒருவர் கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பார்த்து, நினைவிற்கொண்டு, மீண்டும் செருகுகிறார். கட்டு கலைக்கப்படுகிறது. நிமிர்த்திப் பிடித்த கட்டினுள்ளிருந்து அதே சீட்டு மெல்ல மேலெழுகிறது. நிகழ்ச்சி இவ்வளவே, அதனை நிகழ்த்தும் வழிகளோ மிகப் பல. 1876இல் வெளிவந்த பேராசிரியர் ஹாப்மனின் 'மாடர்ன் மேஜிக்' என்னும் ஆங்கில நூலே இதனை விளக்கியுள்ளது. 1898இல் அமெரிக்காவின் டென்வர் நகரில், ஹோவர்டு தர்ஸ்டன் என்னும் இளைஞர் இதே வித்தையால் லியோன் ஹெர்மன் என்ற புகழ்பெற்ற வித்தைக்காரரைத் திகைக்க வைத்தார். அந்நிகழ்ச்சியே அவர் புகழுக்கு ஏணியாயிற்று. புரூக்ளினில் வாழ்ந்த வேதியியலறிஞர் சாமுவேல் ஹூக்கர், தேர்ந்த வித்தைக்காரர்களைத் தம் இல்லத்திற்கு அழைத்து இதன் மிக நுட்பமான வடிவத்தைக் காட்டினார். வந்தோர் மருமம் அறியாமலே திரும்பினர்.

இப்பெருமையெல்லாம் ஒருபுறமிருக்க, கெடா மாநிலத் தோட்டத்து மண்டபத்திலோ, பள்ளி விழாவிலோ, சுங்கை பட்டாணித் திருமண விருந்திலோ இதனைக் காட்ட விழையும் ஒருவர் எவ்வடிவத்தைத் தேர்தல் தகும் என்பதே ஈண்டு வினா.

முதற்கண், சீட்டு என்ற சொல்லே நம் தோட்டங்களில் ஐயத்திற்குரியது. சம்பள நாளன்று லயத்தின் பின்புறத்தில் விரித்த சீட்டினால் அடுப்பு அணைந்த வீடுகள் உண்டு. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, மக்கள் பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பின்னரும் அந்நினைவு அழிந்துவிடவில்லை. சீட்டுகளை விசிறிபோல் விரிப்பதும், ஒற்றைக் கையால் வெட்டிக் கலைப்பதும், அருவிபோல் ஒரு கையினின்று மறுகைக்குக் கொட்டுவதும் வேறிடங்களில் கைதட்டல் பெறலாம். இங்கோ, பிள்ளையை மடியில் வைத்துக் காணும் தாய்க்கு அவை சூதாடியின் விரல்களையே நினைவூட்டும். வள்ளுவர் சூதுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார் என்று காலையில் பாடம் கேட்ட மாணவன் மாலையில் அதே விரல்களை வியந்து கைதட்டுவது நன்றன்று.

எழும் சீட்டின் தனிச்சிறப்பு இவ்விடத்தேதான் விளங்குகிறது. கைத்திறன் உண்டு, அது வெளிப்படுவதில்லை. கட்டைப் பிடித்த கை அசைவற்றிருக்க, சீட்டு தானே எழுகிறது. வென்றவரும் தோற்றவரும் அங்கில்லை. சீட்டு வித்தைகளுள் சூதின் நிழல் படியாத ஒன்றைத் தேடுவார்க்கு இதுவே முதலில் கிட்டும்.

இனி, வழிகளைப் பார்ப்போம். நூல்வழி பழைமையானது. மேடையில் தொலைவும் இருண்ட பின்புலமும் அதற்குத் துணை நிற்கும். நாற்புறமும் மக்கள் அமர்ந்து, காற்று வீசி, குழல்விளக்கு வெளிச்சம் நேரே விழும் தோட்டத்துத் திடலில் அது காட்டிக்கொடுத்துவிடும். பொறிவழியில், கட்டினுள் ஒளிந்த சிறு கருவி சீட்டை உயர்த்தும். விலைகொடுத்தால் எவரும் செய்யலாம் என்பதே அதன் விளம்பரம். ஆயின், பாட்டி கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளும் வரை பொறி பொறுத்திராது. சீட்டு எழத் தொடங்கிவிட்டால் வித்தைக்காரரும் ஒரு பார்வையாளரே. மூன்றாவது விரல்வழி. கட்டின் பின்னே ஒரு விரலின் நுண்ணிய உந்துதலால் சீட்டு எழுகிறது. பின்னால் நிற்பவர் கண்ணுக்கு அது தப்பாது என்பது உண்மையே. சிறுவர்களோ பின்னால்தான் வந்து நிற்பர்! சுவரையொட்டித் திண்ணையில் அமர்ந்தால் அக்குறை தீரும். நிறுத்தவும் விரைவுபடுத்தவும், பாதியில் தயங்கச் செய்து மீண்டும் எழுப்பவும் இயல்வது இவ்வழியில்தான். ஆதலின் தேர்தற்குரியது இதுவே.

இங்கு ஒரு பழைய வழக்கை மறுபடி எடுத்துப் பார்த்தல் தகும். 1821இல் வெளிவந்த 'டேபிள் டாக்' என்னும் நூலில், இந்திய வித்தைக்காரர் ஒருவர் நான்கு பந்துகளை வீழாது ஆட்டியதைக் கண்டு, தம் எழுத்தில் அத்தகு நிறைவு இல்லையே என நாணுகிறார் வில்லியம் ஹஸ்லிட். அக்காலத்து இலண்டனில் பெயர் பெற்றிருந்தவர் ராமோ சாமி. இராமசாமி என்னும் நம் பெயரின் திரிபே அது. ஆயினும் அதே கட்டுரையில் ஹஸ்லிட், கைத்திறனைப் பெருமைக்குக் கீழே வைத்துவிடுகிறார். அவர் எண்ணியது பந்துகளை மட்டுமே; அக்கலைஞரின் தாய்மொழி அவருக்குத் தெரியாது. வித்தைக்காரர் எப்போது பேசுகிறார், எப்போது வாய்மூடுகிறார் என்பதும் கலையின் பாதி என்பதை அத்தராசு நிறுக்கவில்லை.

எழும் சீட்டில் அப்பாதி மிகப் பெரிது. சீட்டு எழும்பொழுது பேசுதல் பிழை. ஆங்கிலக் காணொளிகளைப் பார்த்து மனப்பாடம் செய்த சொற்களை அப்படியே ஒப்பிப்போர் இதனை அறியார். மந்திர ஆற்றல் எனக் கூறி அச்சுறுத்துவோரோ அவரினும் தாழ்ந்தவர். நம் மக்களிடை அவ்வச்சம் ஏற்கெனவே மிகுதி.

பள்ளியில் நிகழ்த்துவோர் சீட்டுக்குப் பதிலாக எழுத்தட்டைகளைக் கொள்ளலாம். விரல்வழிக்கு அட்டை எதுவாயினும் ஒன்றே. முதல் வகுப்புப் பிள்ளை தன் பெயரின் முதலெழுத்தைத் தேர்ந்து செருக, அவ்வெழுத்தே எழுந்து வருமாயின், மருட்கையோடு எழுத்தும் அப்பிள்ளைக்கு உரியதாகிறது. எழுந்த அட்டையை வித்தைக்காரர் உருவுதல் கூடாது. பிள்ளையே உருவ வேண்டும். பிறகு கட்டு முழுவதையும் பிள்ளையின் கையில் கொடுத்துவிடலாம். பொறிக்கட்டு வைத்திருப்பவரால் அது மட்டும் இயலாது.